மூக்கில் ஒரு பிரேசில் கொடி

எடின்பரோவுக்குக் கிழக்கே ஈஸ்ட் ஃபார்ச்சூன் என்றொரு பழைய விமானத்தளம் இருக்கிறது. முதல் உலகப்போரின்போது வான்கப்பல்களுக்காக அமைத்த இடம். 1919-ல் ஆர்34 என்ற வான்கப்பல் இங்கிருந்து கிளம்பித்தான் அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தது. இன்று அது ஸ்காட்லாந்தின் தேசிய விமான அருங்காட்சியகம். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் கான்கார்டைப் பார்க்கத்தான் வருகிறார்கள். கொட்டகைக்குள் வெள்ளையாக, மெலிதாக, மடித்து வைத்த பட்டுப்புடவை மாதிரி அது நிற்கிறது.

நான் பார்க்கப் போனது வல்கனை. அது வெளியே, மழையில் நின்றுகொண்டிருந்தது. பச்சையும் சாம்பலும் கலந்த பூச்சு. ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 34 மீட்டர் நீளும் முக்கோண இறக்கை. அதன் அடியில் ஒரு கல்யாணப் பந்தியையே உட்கார வைத்துவிடலாம். இரண்டு விமானங்களும் உறவுக்காரர்கள் என்பது பலருக்குத் தெரியாது. வல்கனின் ஒலிம்பஸ் எஞ்சின் வம்சத்தில் வந்ததுதான் கான்கார்டின் எஞ்சின். அந்தப் புதிய எஞ்சினை வானத்தில் சோதித்துப் பார்த்தபோதும் ஒரு வல்கனின் வயிற்றில் கட்டித்தான் பறக்கவிட்டார்கள். கொட்டகைக்குள் இருப்பது செல்லப்பிள்ளை என்றால், வெளியே நனைவது அதன் முரட்டுப் பெரியப்பா.

இந்த வல்கனின் எண் எக்ஸ்.எம்.597. அதன் மூக்குப் பகுதியில் சிறியதாக மூன்று சின்னங்கள் வரைந்திருக்கிறார்கள். இரண்டு ஏவுகணைகள், ஒரு பிரேசில் கொடி. இருபது வருடங்களுக்கு மேல் பணியில் இருந்த விமானம் இது. ஆனால் அதன் உடம்பில் எழுதி வைத்திருக்கும் சரித்திரம் மொத்தமும் 1982-ல், ஒரு வாரத்துக்குள் நடந்து முடிந்தது. அந்த மூன்று சின்னங்களையும் அதற்கு முந்தைய காலத்தையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு பிரிட்டன் தனக்கென்று ஓர் அணுகுண்டு வேண்டும் என்று முடிவு செய்தது. குண்டு இருந்தால் போதுமா, சுமந்து போக ஆள் வேண்டாமா? வேலியண்ட், விக்டர், வல்கன் என்று மூன்று விமானங்கள் அப்படிப் பிறந்தன. மூன்று பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்கியதால் வி-குண்டுவீச்சு விமானங்கள் என்று அழைத்தார்கள்.

வல்கனை உருவாக்கியது ஆவ்ரோ நிறுவனம். அதன் தொடக்க வடிவத்தை யோசித்தவர் ராய் சாட்விக், போர்க்காலத்தின் புகழ்பெற்ற லங்காஸ்டரை வடிவமைத்தவர். வல்கன் பறந்ததை அவர் பார்க்கவில்லை. 1947 ஆகஸ்டில் ஆவ்ரோ டியூடர் என்ற இன்னொரு விமானத்தின் சோதனைப் பறப்பில் போனார். பராமரிப்பின்போது அதன் இறக்கைக் கட்டுப்பாட்டுக் கம்பிகளை யாரோ இடம் மாற்றி மாட்டியிருந்தார்கள். விமானி ஒரு பக்கம் திருப்பினால் விமானம் மறுபக்கம் சாய்ந்தது. ஒரு இணைப்பு மாறியதில் அந்நாட்டின் தலைசிறந்த விமான வடிவமைப்பாளர்களில் ஒருவரின் உயிர் போனது.

1952 ஆகஸ்டில் முதல் வல்கன் பறந்தது. அழகான விமானம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த அழகுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. ஐந்து பேர் கொண்ட குழு. முன்னால் உட்காரும் இரண்டு விமானிகளுக்கு, ஆபத்து வந்தால் வெளியே தூக்கி எறியும் இருக்கைகள். பின்னால் முதுகைக் காட்டி உட்காரும் மூன்று பேருக்கு அது கிடையாது. அவர்கள் தரையில் இருக்கும் கதவைத் திறந்து குதிக்க வேண்டும். 1956 அக்டோபரில், நீண்ட பயணம் முடித்துத் திரும்பிய ஒரு வல்கன் லண்டன் ஹீத்ரோவில் இறங்கும்போது விழுந்தது. முன்னால் இருந்த இருவரும் தப்பினார்கள். உள்ளே இருந்த மற்ற நால்வரும் இறந்தார்கள். பின்னிருக்கைக்காரர்களுக்கும் அந்த வசதியைச் செய்ய முடியுமா என்று பிறகு ஆராய்ந்தார்கள், சோதித்தும் பார்த்தார்கள். கடைசிவரை பொருத்தவில்லை. செலவு, காலதாமதம், எப்படியும் கொஞ்ச வருடத்தில் ஓய்வு கொடுத்துவிடப் போகிறோம் என்கிற நினைப்பு. எந்த அலுவலகத்திலும் கேட்கக்கூடிய காரணங்கள்தான்.

*

எக்ஸ்.எம்.597 மான்செஸ்டர் பக்கத்தில் ஆவ்ரோவின் உட்ஃபோர்ட் ஆலையில் தயாராகி 1963-ல் கோனிங்ஸ்பி தளத்துக்கு வந்து சேர்ந்தது. அப்போதே அது கொஞ்சம் தாமதமாகப் பிறந்த பிள்ளை.

ஸ்கைபோல்ட் என்றொரு ஏவுகணையை அமெரிக்கா உருவாக்கிக்கொண்டிருந்தது. விமானத்தின் இறக்கைக்கு அடியிலிருந்து கிளம்பி ஆயிரம் மைல் போய் விழக்கூடிய அணு ஏவுகணை. ஒரு வல்கனில் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு மாட்டலாம் என்பது திட்டம். அதை நம்பி, கடைசியாகத் தயாரித்த வல்கன்களின் இறக்கைகளைப் பலப்படுத்தி, ஏவுகணை தொங்குவதற்கான பிடிப்புகளையும் வைத்தே கட்டினார்கள். 1962 டிசம்பரில் அமெரிக்கா ஸ்கைபோல்ட்டைக் கைவிட்டது. அந்த மாதமே பஹாமாஸின் நாசாவில் கென்னடியும் மேக்மில்லனும் சந்தித்து, பதிலாக நீர்மூழ்கியிலிருந்து ஏவும் போலாரிஸ் பிரிட்டனுக்குக் கிடைக்கும் என்று ஒப்பந்தம் போட்டார்கள்.

ஆக, எக்ஸ்.எம்.597 பணிக்கு வந்த நாளிலேயே அதன் இறக்கையில் இருந்த பிடிப்புகளுக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. அவற்றை யாரும் பிடுங்கி எறியவில்லை, பிடுங்குவதற்கும் காசு வேண்டுமே. மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள்.

என் தொழிலில் இது தினசரிக் காட்சி. வராமலே போன ஏதோ ஒரு வசதிக்காக யாரோ எழுதி வைத்த நிரல் பத்து வருடமாக உள்ளே கிடக்கும். எழுதினவர் வேலையை விட்டுப் போயிருப்பார். எதற்கு என்று தெரியாது, அழிக்கவும் பயம். அதனாலேயே இந்தப் பிடிப்புகளைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

*

அடுத்த பத்தொன்பது வருடங்களில் அந்த விமானம் என்ன செய்தது? காத்திருந்தது. வல்கனின் வேலையே காத்திருப்பதுதான். எதிரியின் ஏவுகணை வருகிறது என்று தெரிந்தால் நாட்டுக்குக் கிடைக்கும் அவகாசம் நான்கு நிமிடம் என்று கணக்கு. அதற்குள் விமானங்கள் மேலே போயிருக்க வேண்டும். ஓடுபாதையின் முனையில் நான்கு வல்கன்கள் தயாராக நிற்கும். குழுவினர் பக்கத்திலேயே தங்கி, பக்கத்திலேயே தூங்குவார்கள். மணி அடித்தால் இரண்டு நிமிடத்துக்குள் நான்கும் வானத்தில்.

முதலில் விமானங்களுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். அணுகுண்டின் வெளிச்சத்தையும் வெப்பத்தையும் திருப்பி அனுப்பும் வெள்ளை. 1960-ல் அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தை சோவியத் ஏவுகணை வீழ்த்திய பிறகு, உயரம் பாதுகாப்பு தராது என்று புரிந்தது. தரையை ஒட்டிப் பறக்கும் முறைக்கு மாறினார்கள். மேலிருந்து பார்ப்பவன் கண்ணுக்குத் தப்ப, முதுகில் பச்சையும் சாம்பலும் ஏறின. 1969-ல் அணுத் தாக்குதலின் முதல் பொறுப்பு நீர்மூழ்கிகளுக்குப் போனது. வல்கன் இரண்டாம் வரிசைக்கு வந்தது. 1982-ல் ஓய்வு என்று நாள் குறித்தாயிற்று.

போருக்காகவே கட்டிய மொத்தம் 134 வல்கன்கள், ஒரு போரையும் பார்க்காமல் கிழமாகியிருந்தன. இது தோல்வி இல்லை. அவற்றைப் பொறுத்தவரை வெற்றி என்பதே இதுதான். ஒருமுறை பயன்பட்டிருந்தால், அதைப் பற்றிக் கட்டுரை எழுத ஆள் மிஞ்சியிருக்காது.

*

1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டினா பாக்லாந்து தீவுகளைக் கைப்பற்றியது. அர்ஜென்டினா மால்வினாஸ் என்று சொல்லும் தீவுகள். பிரிட்டனிடம் அருகிலிருந்த தளம் என்றால் அட்லாண்டிக்கின் நடுவில் உள்ள அசென்ஷன் தீவு. அங்கிருந்து பாக்லாந்தின் தலைநகர் ஸ்டான்லிக்கு ஏறத்தாழ 6,300 கிலோமீட்டர். போய்த் திரும்ப அதன் இரு மடங்கு. வல்கனால் அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் போக முடியாது. வழியில் வானத்திலேயே எரிபொருள் நிரப்ப வேண்டும். அந்த வசதி வல்கனில் இருந்தது. ஆனால் வருடக்கணக்காக யாரும் தொடவில்லை. விமானிகளுக்கும் பயிற்சி விட்டுப்போயிருந்தது.

அப்புறம் நடந்தது, பரணைக் கிளறிப் பழைய சாமான்களை இறக்கிய கதை. எரிபொருள் வாங்கும் குழாய்முனைகள் போதவில்லை. ஓய்வுபெற்று அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்ட வல்கன்களிலிருந்துகூடக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். கடலுக்கு மேல் வழி தெரிய, விசி10 பயணிகள் விமானங்களில் இருந்த வழிகாட்டிக் கருவிகளைப் பொருத்தினார்கள். எதிரி ரேடாரைக் குழப்பும் கருவியையும், ரேடாரை அழிக்கும் ஏவுகணையையும் எங்கே தொங்கவிடுவது என்ற கேள்வி வந்தது. அப்போதுதான் ஸ்கைபோல்ட்டின் பிடிப்புகள் நினைவுக்கு வந்தன. எந்தெந்த விமானத்தில் இருக்கின்றன என்று தேடிப் பார்த்து, அந்த வல்கன்களையே தேர்ந்தெடுத்தார்கள். தாங்கிகளை வாடிங்டன் தளத்தின் பணிமனையிலேயே செய்து மாட்டினார்கள். பிறக்காத ஏவுகணைக்காக இருபது வருடம் முன்பு வைத்த பிடிப்பு, யாரும் நினைத்தே பார்க்காத போரில் வேலைக்கு வந்தது.

இந்தத் தாக்குதல்களுக்கு பிளாக் பக் என்று பெயர் வைத்தார்கள். நம் வெளிமானின் ஆங்கிலப் பெயர் அது. முதலாவது, ஏப்ரல் 30 இரவு கிளம்பியது. இரண்டு வல்கன்கள், பதினோரு விக்டர்கள். விக்டரும் அணுகுண்டு சுமக்கப் பிறந்ததுதான், பிற்காலத்தில் எரிபொருள் தொட்டியாக மாற்றியிருந்தார்கள். ஒரு விக்டர் இன்னொரு விக்டருக்கு ஊற்றிவிட்டுத் திரும்பும், அது அடுத்ததற்கு ஊற்றிவிட்டுத் திரும்பும். பதினோரு குடம் தண்ணீர் கிளம்பி, கடைசியில் ஒரே ஒரு செடிக்குப் போய்ச் சேருகிற கணக்கு. முதன்மை வல்கனான எக்ஸ்.எம்.598-ல் ஜன்னல் சரியாக மூடாததால் அது திரும்பிவிட்டது. மாற்றாகப் போன எக்ஸ்.எம்.607 தொடர்ந்து சென்று, 21 குண்டுகளை ஸ்டான்லி ஓடுபாதையின் குறுக்காகப் போட்டது. ஒன்று நடுவில் விழுந்தது. ஏறத்தாழ 16 மணி நேரப் பறப்பு. அந்த நாள் வரை வரலாற்றின் மிக நீண்ட குண்டுவீச்சு அதுதான்.

அதனால் என்ன பயன் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அர்ஜென்டினாவின் சரக்கு விமானங்கள் போர் முடியும் வரை அதே ஓடுபாதையில் இறங்கி ஏறின. மண்ணைக் குவித்துப் பொய்க் குழிகள் காட்டி அவர்கள் ஏமாற்றியதும் உண்டு. புகழ் முழுக்க 607-க்குப் போனது. நம் 597-ன் கதை அதற்குப் பிறகு.

*

597-க்குக் கொடுத்த வேலை ரேடார்களை அழிப்பது. ஆயுதம், அமெரிக்காவின் ஷ்ரைக் ஏவுகணை. ஷ்ரைக் தானாக எதையும் தேடாது. எதிரியின் ரேடார் அனுப்பும் அலையைப் பிடித்துக்கொண்டு அது வரும் இடத்தை நோக்கியே போகும். ரேடாரை அணைத்துவிட்டால் ஷ்ரைக்குக்கு வழி தெரியாது. பேசுகிறவன் மாட்டுவான், வாயை மூடிக்கொண்டவன் தப்பிப்பான்.

முதல் முயற்சி மே 28. பாதி வழியில் ஒரு விக்டரின் குழாய்க்கருவி பழுதாகித் திரும்ப வேண்டியதாயிற்று. மே 31 அன்று போய்ச் சேர்ந்து ஷ்ரைக்குகளை ஏவினார்கள். டிபிஎஸ்-43 என்ற பெரிய கண்காணிப்பு ரேடாருக்கு லேசான சேதம். ஒரே நாளில் சரிசெய்துவிட்டார்கள். மூக்கில் முதல் ஏவுகணைச் சின்னம் இதற்கு.

ஜூன் 3 அதிகாலை மறுபடி வந்தார்கள். விமானத் தலைவர் நீல் மெக்டூகல். வழக்கமான ஐந்து பேருடன், எரிபொருள் நிரப்புவதில் பழகிய இன்னொரு விமானி. இப்போது இறக்கைக்கடியில் நான்கு ஷ்ரைக்குகள். ஆனால் கீழே இருந்தவர்களும் பாடம் படித்திருந்தார்கள். வல்கன் நெருங்கியதும் ரேடாரை அணைத்துவிட்டார்கள். நாற்பது நிமிடம் போல 597 அந்த இருட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. கீழே ஒரு சத்தமும் இல்லை.

கடைசியில் மெக்டூகல் விமானத்தைக் கீழே இறக்கினார். தன்னையே தூண்டிலில் மாட்டுகிற வேலை. விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை வழிநடத்தும் ஸ்கைகார்ட் என்ற சிறிய ரேடார் ஒன்று விழித்துக்கொண்டது. அந்த அலையைப் பிடித்து இரண்டு ஷ்ரைக்குகள் போயின. ஸ்கைகார்ட் அழிந்தது. மூக்கில் இரண்டாவது சின்னம்.

திரும்பும் வழியில் விக்டரிடம் எரிபொருள் வாங்கும்போது 597-ன் குழாய்முனை ஒடிந்துவிட்டது. அசென்ஷன் போகப் போதாது. எட்டக்கூடிய தூரத்தில் இருந்த ஒரே கரை பிரேசில். போரில் சேராத நாடு. அங்கே ஏவுகணையோடு போய் இறங்கக் கூடாது. மிச்சமிருந்த இரண்டு ஷ்ரைக்குகளைக் கடலில் விட முயன்றார்கள். ஒன்று போனது. இன்னொன்று மாட்டிக்கொண்டு போக மறுத்தது. ரகசியத் தாள்களையாவது ஒழிக்க வேண்டும். எல்லோரும் பிராணவாயு முகமூடியை மாட்டிக்கொண்டு, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, தரைக்கதவைத் திறந்து தாள்மூட்டையை வெளியே தள்ளினார்கள். பின்னிருக்கை மூவரும் உயிர் தப்பக் குதிக்க வேண்டிய அதே கதவு. நடுவானில் அதன் வழியே குதித்தது காகிதம் மட்டும்தான்.

பிரேசிலின் எஃப்-5 போர் விமானங்கள் எதிரே வந்தன. ரியோ டி ஜெனிரோவின் கலியாவ் விமான நிலையத்தில் 597 இறங்கியபோது, இன்னொரு சுற்று வரக்கூட எரிபொருள் இல்லை. பிரேசில்காரர்கள் குழுவை நன்றாகவே நடத்தினார்கள். ஒரு வாரம் போல வைத்திருந்து, இந்தப் போரில் இனி இந்த விமானம் பறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டார்கள். போகாமல் அடம்பிடித்த ஷ்ரைக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். விமானம் அசென்ஷன் திரும்பிய சில நாட்களில், ஜூன் 14 அன்று, போர் முடிந்தது. மெக்டூகலுக்குப் பதக்கம். யாரோ ஒரு குறும்புக்காரர் தூரிகையை எடுத்து மூக்கில் பிரேசில் கொடியை வரைந்தார். 1984-ல் 597 ஈஸ்ட் ஃபார்ச்சூனுக்கு வந்து சேர்ந்தது.

*

இந்தக் கதையை நான் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மதியம், பழைய அமைப்புகளைப் பராமரிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஸ்கைபோல்ட் பிடிப்பில் ஆரம்பித்து ரியோவில் முடித்தேன். தாள்மூட்டை கட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகப் போனது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். காபி எடுக்கப் போன இடத்தில், சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண் கேட்டாள்:

"அண்ணா, அந்தச் சின்ன ரேடார்ல இருந்தவங்க என்ன ஆனாங்க?"

எனக்கு விடை தெரியும். நான்கு பேர் செத்தார்கள். படித்த எல்லா இடத்திலும் அது இருந்தது, பாதி வாக்கியமாக. அடுத்த வாக்கியம் குழாய்முனை ஒடிந்தது பற்றி. நானும் ஒவ்வொரு முறையும் அப்படியே தாண்டி வந்திருக்கிறேன். கதையின் விறுவிறுப்பு அந்தப் பக்கம் இருக்கிறதல்லவா.

"நாலு பேர் இறந்துட்டாங்க" என்றேன். "ஓ" என்றாள். அவ்வளவுதான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. தகவல் கேட்டாள், கிடைத்தது, போய்விட்டாள்.

அந்த நான்கு பேரை நான் வேண்டுமென்றே விட்டேனா? இல்லை. அவர்கள் என் கதையில் ஒரு பாகமாக இல்லை, அதுதான் விஷயம். பிடிப்பு, குழாய்முனை, தாங்கி, கதவு, எல்லாம் எனக்குப் பாகங்கள். எது எதோடு இணைகிறது என்று தெரியும். இணைப்பின் கடைசி முனை, இருட்டில் ரேடாரின் முன் உட்கார்ந்திருந்த நான்கு மனிதர்கள். அணைத்து வைக்கவா, போடவா என்று அவர்களும் அந்த நாற்பது நிமிடம் பதறியிருப்பார்கள். நான் சொல்லும்போது அந்த நாற்பது நிமிடமும் மெக்டூகலுடையது மட்டுமே.

வல்கனில் பின்னிருக்கை மூவருக்கு ஏன் இருக்கை கொடுக்கவில்லை என்று கோபப்பட்டிருக்கிறேன். வடிவமைப்பில் யார் உயிரைக் கணக்கில் எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்று நீட்டிப் பேசியிருக்கிறேன். கதை சொல்லும்போது நான் போட்ட கணக்கும் அதே மாதிரிதான் இருந்திருக்கிறது.

*

இந்தப் போரில் 649 அர்ஜென்டினர்களும் 255 பிரிட்டிஷ் படையினரும் தீவுவாசிகள் மூவரும் இறந்தார்கள். பியூனஸ் அயர்ஸின் சான் மார்ட்டின் சதுக்கத்தில் கறுப்புப் பலகைகளில் அந்த 649 பெயர்களையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்த நால்வரும் அதில் இருக்கிறார்கள். ஆக, ஜூன் 3-ன் அதே அதிகாலை உலகத்தில் இரண்டு இடங்களில் பதிவாகியிருக்கிறது. ஓரிடத்தில் பெயர்களாக, ஓரிடத்தில் விரல் நீளத்துக்கு ஓர் ஏவுகணைப் படமாக.

விமானத்தைக் காப்பாற்றி வைத்தது சரிதான் என்றே இன்னும் நினைக்கிறேன். உலகத்தையே முடிக்கக் கட்டிய ஒரு பொருள் அந்த வேலையைச் செய்யாமல் மழையில் நனைந்துகொண்டிருப்பதைப் பார்க்க முடிவது நல்ல விஷயம். அந்தப் பிடிப்புகள் எனக்கு இன்னமும் பிடிக்கும். அன்று மழை விட்டபோது ஒரு அப்பா தன் பையனைத் தூக்கி, மூக்கில் இருக்கும் சின்னங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். பையனுக்குக் கொடிதான் பிடித்திருந்தது. அது எந்த நாட்டுக் கொடி, ஏன் இங்கே என்று கேட்டான். அப்பா ரியோவில் இறங்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நன்றாகச் சொன்னார். எரிபொருள் தீர்ந்துபோன கட்டத்தில் பையன் வாயைப் பிளந்தான்.

கொடிக்குப் பக்கத்தில் இருந்த ஏவுகணையைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு நானும் கான்கார்டைப் பார்க்கப் போனேன்.